அமரவிளையில் சிக்கிய 6,000 கிலோ மீன்: ஃபார்மலினுக்கும் அமினோ அமிலத்துக்கும் என்ன தொடர்பு?

2018 ஜூன் மாதம். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போகும் தேசிய நெடுஞ்சாலையில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவில் இருக்கிறது அமரவிளை சோதனைச்சாவடி. கேரள உணவுப் பாதுகாப்புத் துறை 'ஆபரேஷன் சாகர் ராணி' என்ற பெயரில் நடத்திய சோதனையில், இங்கே சுமார் 6,000 கிலோ மீன் பிடிபட்டது. ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தபோது ஒரு கிலோ மீனில் 63 மில்லிகிராம் ஃபார்மலின் இருந்ததாக அதிகாரிகள் சொன்னார்கள். அதே மாதம் வாளையாறு, ஆரியங்காவு சோதனைச்சாவடிகளிலும் டன் கணக்கில் மீன் சிக்கியது.

அந்த வாரம் முழுக்க வாட்ஸ்அப்பில் ஒரே பேச்சு: "பிணவறையில் போடுற மருந்தை மீனில் போடுறாங்க." இது உண்மைதான். ஆனால் அதோடு பேச்சு முடிந்துவிட்டது. பிணத்தையும் மீனையும் ஒரே திரவம் எப்படிக் கெடாமல் வைக்கிறது? அந்த மீனைச் சாப்பிட்டால் உடம்புக்குள் என்ன ஆகும்? கழுவினால், கொதிக்க வைத்தால் போய்விடுமா? இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில், பிளஸ் டூ வேதியியலில் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோன ஒரு பாடத்தில் இருக்கிறது. அமினோ அமிலங்கள்.

ஏன் இந்த எல்லையில்?

1956 நவம்பர் 1-ம் தேதி மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகி, அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு விழுந்ததே தவிர, சாப்பாடு பிரியவில்லை. களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கிழங்குக்குப் பெயர் மரச்சீனிதான். மீனுக்குப் பெயர் சாளைதான். வடகேரளத்துக்குப் போனால்தான் அது மத்தி ஆகிறது. கடற்கரையில் பொழியூரும் நீரோடியும் ஒட்டிக்கொண்டே கிடக்கின்றன. ஒன்று கேரளம், மற்றொன்று தமிழ்நாடு.

ஜூன், ஜூலை மாதங்களில் கேரளக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். உள்ளூர் வரத்து குறையும். ஆனால் மீன் இல்லாமல் சோறு இறங்காத ஊர்கள் இவை. அப்போது தூரத்திலிருந்து லாரிகள் வரும். தூரம் கூடினால் நேரம் கூடும், நேரம் கூடினால் ஐஸ் செலவு கூடும். ஃபார்மலின் உள்ளே நுழைவது அந்தக் கணக்கில்தான்.

ஒரு கார்பன், நான்கு கைகள்

அமினோ அமிலத்தின் அமைப்பு உண்மையில் ரொம்ப சிம்பிள். நடுவில் ஒரு கார்பன் அணு. அதற்கு நான்கு கைகள். ஒரு கையில் அமினோ தொகுதி (நைட்ரஜன் இருக்கும் பகுதி, காரத்தன்மை உள்ளது). இன்னொரு கையில் கார்பாக்சில் தொகுதி (அமிலத்தன்மை உள்ளது). மூன்றாவது கையில் ஒரு ஹைட்ரஜன். நான்காவது கையில் இருப்பதுதான் ஆளுக்கு ஆள் மாறும். அதற்குப் பக்கச் சங்கிலி என்று பெயர். நம் உடம்பின் புரதங்களைக் கட்டுவதற்கு மரபணுக் குறியீடு வழக்கமாகப் பயன்படுத்தும் அமினோ அமிலங்கள் 20. அந்த 20 பேருக்கும் முதல் மூன்று கைகள் ஒன்றுதான் (ப்ரோலின் மட்டும் கொஞ்சம் கோணல், அதன் பக்கச் சங்கிலி வளைந்து வந்து தன் நைட்ரஜனையே பிடித்துக்கொண்டிருக்கும்). வித்தியாசம் எல்லாம் நான்காவது கையில்.

அமிலமும் காரமும் ஒரே மூலக்கூறில் இருந்தால் என்ன ஆகும்? இரண்டும் தங்களுக்குள்ளேயே கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். அமிலப் பக்கம் தன் ஹைட்ரஜன் அயனியை விடும், காரப் பக்கம் அதைப் பிடித்துக்கொள்ளும். ஆக ஒரு முனையில் எதிர்மின்னூட்டம், மறுமுனையில் நேர்மின்னூட்டம், மொத்தமாகப் பார்த்தால் பூஜ்யம். பாடப்புத்தகம் இதை இருமுனை அயனி என்று சொல்லும், ஆங்கிலத்தில் படித்தவர்களுக்கு ஸ்விட்டர் அயனி.

இது வெறும் தேர்வுக் கேள்வி இல்லை. வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தில் ஒரு அமினோ தொகுதியைச் சேர்த்தால் கிளைசின், எல்லாவற்றிலும் சிறிய அமினோ அமிலம். அசிட்டிக் அமிலம் சுமார் 17 டிகிரியிலேயே உருகிவிடும். நம்மூர் வெயிலில் எப்போதும் திரவம்தான், மூக்கைத் துளைக்கும் வாசனை வேறு. கிளைசின் 200 டிகிரிக்கு மேலே போனாலும் வெள்ளைத் தூளாகவே இருக்கும், கடைசியில் உருகுவதற்குப் பதில் சிதையும். வாசனையும் கிடையாது. உப்புக்கல்லைப் போல, மின்னூட்டங்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருப்பதுதான் காரணம்.

அமிலம் கூடிய கரைசலில் போட்டால் அமினோ அமிலம் நேர்மின்னூட்டம் பெறும், காரக் கரைசலில் எதிர்மின்னூட்டம் பெறும். நடுவில் எங்கோ ஒரு பிஹெச் அளவில் இரண்டும் சமமாகும். அதுதான் சமமின்புள்ளி. கிளைசினுக்கு அது சுமார் 6. லைசினுக்கு 9.7, அஸ்பார்டிக் அமிலத்துக்கு 2.8 அளவில். புரதங்களுக்கும் இதேபோல் ஒரு புள்ளி உண்டு. பாலில் இருக்கும் கேசினுக்கு அது 4.6. உறைமோர் விட்ட பாலில் புளிப்பு ஏறி அந்த அளவை நெருங்கும்போது, கேசின் துகள்களை விலக்கி வைத்திருந்த மின்னூட்டம் காணாமல் போகிறது, அவை ஒட்டிக்கொள்கின்றன. நமக்குத் தயிர் கிடைக்கிறது. மீன்குழம்பில் புளி கரைத்து ஊற்றும்போது மீன் துண்டு இறுகிக்கொள்வதும் கிட்டத்தட்ட இதே சங்கதிதான்.

20 பேரை எப்படிப் பிரிப்பது?

பல விதமாகப் பிரிக்கலாம். பக்கச் சங்கிலி தண்ணீரோடு எப்படிப் பழகுகிறது என்று பார்ப்பதுதான் அதிகம் உதவும் வழி.

அலனின், வாலின், லியூசின், ஐசோலியூசின் ஆகியவற்றின் பக்கச் சங்கிலிகள் வெறும் கார்பனும் ஹைட்ரஜனும். எண்ணெய் மாதிரி. தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும், அதனால் புரதம் சுருண்டு மடியும்போது இவை பெரும்பாலும் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு இதில் மூன்று பேரைத் தெரிந்திருக்கும். டப்பாவில் பிசிஏஏ என்று எழுதி விற்பது லியூசின், ஐசோலியூசின், வாலின் மூன்றையும்தான், கிளைவிட்ட சங்கிலி என்பதால் அந்தப் பெயர். மெத்தியோனின், ப்ரோலின் இரண்டையும் வழக்கமாக இந்தக் கூட்டத்தில்தான் சேர்ப்பார்கள். பென்சீன் வளையம் உள்ளவர்கள் மூன்று பேர்: ஃபினைல்அலனின், டைரோசின், டிரிப்டோஃபான். இவற்றில் டைரோசினும் டிரிப்டோஃபானும் 280 நானோமீட்டர் புறஊதா ஒளியை நன்றாக உறிஞ்சும், ஆய்வகத்தில் ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று சட்டெனப் பார்க்க இந்தக் குணம்தான் கைகொடுக்கிறது.

செரின், திரியோனின், அஸ்பரஜின், குளுட்டமின் ஆகியவை மின்னூட்டம் இல்லாதவை, ஆனால் தண்ணீரோடு கைகோர்க்கும். சிஸ்டைனை இவற்றோடு சேர்ப்பார்கள், ஆனால் அதன் நிஜமான அடையாளம் கந்தகம். இரண்டு சிஸ்டைன்கள் பக்கத்தில் வந்தால் கந்தகமும் கந்தகமும் சேர்ந்து ஒரு பாலம் போடும். தலைமுடி உறுதியாக இருப்பதற்கு அந்தப் பாலங்கள் முக்கியக் காரணம். பார்லரில் முடியை நிரந்தரமாகச் சுருட்டும் ரசாயனம் உடைத்துத் திரும்பக் கட்டுவதும் அவற்றைத்தான்.

மிச்சம் இருப்பவர்கள் மின்னூட்டம் சுமப்பவர்கள். அஸ்பார்டிக் அமிலம், குளுட்டாமிக் அமிலம் இரண்டுக்கும் பக்கச் சங்கிலியில் இன்னொரு அமிலத் தொகுதி. லைசின், ஆர்ஜினின், ஹிஸ்டிடின் மூன்றுக்கும் பக்கச் சங்கிலியில் காரத்தன்மை உள்ள நைட்ரஜன். அமரவிளை மீனைப் புரிந்துகொள்ள இந்தக் கடைசி மூவரை, குறிப்பாக லைசினையும் ஹிஸ்டிடினையும், ஞாபகத்தில் வைத்தால் போதும்.

ஒரு முக்கியமான விஷயம். அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து புரதமாகும்போது, ஒன்றின் அமிலத் தொகுதியும் அடுத்ததன் அமினோ தொகுதியும் இணைந்து பெப்டைடு பிணைப்பு உருவாகிறது. அதாவது, முதலில் சொன்ன இரண்டு கைகளும் சங்கிலியில் மாட்டிக்கொண்டு வேலையில் இருக்கின்றன. வெளியாளோடு வினைபுரிய இவை வராது. புரதத்தில் சும்மா நீட்டிக்கொண்டிருக்கும் கைகள் பக்கச் சங்கிலிகள்தான் (சங்கிலியின் இரண்டு முனைகளைத் தவிர). அதில் நீளமாக, நுனியில் ஒரு அமினோ தொகுதியோடு நீட்டிக்கொண்டிருப்பது லைசின்.

ஃபார்மலின் பிடிப்பது இந்தக் கையைத்தான்

ஃபார்மலின் என்பது ஃபார்மால்டிஹைடு வாயுவைத் தண்ணீரில் சுமார் 37 சதவீதம் அளவுக்குக் கரைத்தது. ஃபார்மால்டிஹைடு, ஆல்டிஹைடு குடும்பத்திலேயே சிறியது. அதன் கார்பன் எலக்ட்ரானுக்கு ஏங்கிக்கொண்டிருக்கும். லைசினின் நைட்ரஜனிடம் பகிர்ந்துகொள்ள ஒரு ஜோடி எலக்ட்ரான் உண்டு. இரண்டும் சந்தித்தால் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியேறும். அதற்கடுத்த படிதான் முக்கியம்: ஒட்டிக்கொண்ட அந்தக் கார்பன் இன்னொரு பக்கமும் கை நீட்டி, அருகில் இருக்கும் டைரோசினையோ, ஆர்ஜினினையோ, குளுட்டமினையோ, வேறொரு லைசினையோ பிடிக்கும். இரண்டு சங்கிலிகளுக்கு நடுவே ஒரு பாலம். இப்படி ஆயிரக்கணக்கில் பாலம் விழுந்தால் மீன் தசை தையல் போட்ட துணி மாதிரி ஆகிவிடும். அழுகல் என்பது நொதிகள் புரதத்தை வெட்டுவது, பாக்டீரியா அந்தத் துண்டுகளைத் தின்பது. நொதியும் புரதம்தான், பாக்டீரியாவுக்குள் இருப்பதும் புரதம்தான். தையல் எல்லோருக்கும் விழுகிறது. வெட்டுகிறவன் கையும் கட்டப்பட்டது, வெட்டப்பட வேண்டியதும் இறுகிவிட்டது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. மீன் தசையின் பிஹெச் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில். லைசினின் பக்கச் சங்கிலி தன் ஹைட்ரஜன் அயனியை விடுவது 10.5 பக்கத்தில்தான். அதனால் மீனுக்குள் இருக்கும் லைசின் நுனிகளில் ஏறக்குறைய 10,000-ல் ஒன்றுதான் எந்த நேரத்திலும் வினைக்குத் தயாராக இருக்கும். மற்றவை நேர்மின்னூட்டத்தோடு, எலக்ட்ரான் ஜோடியை மூடி வைத்திருக்கும். ஆனால் அந்த ஒன்று பிடிபட்டதும் இன்னொன்று திறக்கும், அது பிடிபட்டதும் அடுத்தது. ஆக வினை நிற்காது, மெதுவாக நடக்கும். மருத்துவமனை நோயியல் ஆய்வகத்தில் பயாப்சி துண்டை ஃபார்மலினில் பல மணி நேரம் ஊறவைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ராத்திரி முழுக்க ஓடும் லாரிக்கு அந்த நேரம் தாராளமாகக் கிடைக்கிறது.

இதே வினை நமக்கு நல்லதும் செய்திருக்கிறது. டெட்டனஸ், டிப்தீரியா தடுப்பூசிகளில் இருப்பது ஃபார்மால்டிஹைடால் செயலிழக்க வைக்கப்பட்ட நச்சுப் புரதம். 1920-களில் பிரான்ஸில் கஸ்தோன் ரமோன் இந்த வழியை நிலைநிறுத்தினார். பாலம் போட்டால் நச்சு தன் வேலையைச் செய்யாது, ஆனால் நம் நோய் எதிர்ப்பு அமைப்பு அதை அடையாளம் கண்டுகொள்ளும்.

இன்னொன்று, இது எனக்கு ரொம்பப் பிடித்தது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் பீர் நிறுவனத்தின் ஆய்வகத்தில் இருந்த சோரன்சன், 1907-ல் அமினோ அமிலத்தின் அளவைக் கண்டுபிடிக்கவே ஃபார்மால்டிஹைடைப் பயன்படுத்தினார். அமினோ அமிலத்தைக் காரம் விட்டு நேரடியாக அளக்க முடியாது, அதன் அமினோ முனை ஹைட்ரஜன் அயனியைக் கெட்டியாகப் பிடித்திருப்பதால் முடிவுப்புள்ளி மழுங்கிவிடும். ஃபார்மால்டிஹைடைச் சேர்த்தால் அது அமினோ முனையை மடக்கிவிடும், ஹைட்ரஜன் அயனி வெளியே வந்துவிடும், பிறகு சாதாரண அமிலம் போல அளந்துவிடலாம். இன்றைக்கும் பழச்சாற்றில் கலப்படம் பார்க்க இந்த முறை புழக்கத்தில் இருக்கிறது. அவரேதான் இரண்டு வருடம் கழித்து, 1909-ல், பிஹெச் என்ற அளவுகோலையும் கொடுத்தார்.

சாப்பிட்டால் என்ன?

முதலில் ஊட்டச்சத்து. நம் குடலில் புரதத்தை வெட்டும் டிரிப்சின் என்ற நொதி, லைசினும் ஆர்ஜினினும் இருக்கும் இடங்களைப் பார்த்துத்தான் வெட்டும். அந்த நுனியில் ஃபார்மால்டிஹைடு உட்கார்ந்திருந்தால் டிரிப்சினுக்கு அது லைசின் என்றே தெரியாது. தாண்டிப் போய்விடும். ஆக தட்டில் புரதம் இருக்கும், அதில் ஒரு பங்கு உடம்பில் சேராது. பாலம் எவ்வளவு விழுந்திருக்கிறதோ அவ்வளவு நஷ்டம்.

அதற்கு ஏன் இவ்வளவு கவலை? 20 அமினோ அமிலங்களில் 9-ஐ நம் உடம்பால் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும்: ஹிஸ்டிடின், ஐசோலியூசின், லியூசின், லைசின், மெத்தியோனின், ஃபினைல்அலனின், திரியோனின், டிரிப்டோஃபான், வாலின். இது இன்னொரு வகைப் பிரிவினை, வேதியியல் அல்ல, நம் தேவையைப் பொறுத்தது. அரிசி, கோதுமை இரண்டிலும் தேவையை ஒப்பிட்டால் மிகவும் குறைவாக இருப்பது லைசின்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். உலக சுகாதார அமைப்பின் பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் லைசின் வேண்டும். 60 கிலோ எடை என்றால் 1,800 மில்லிகிராம். சாளையில் 100 கிராமுக்கு சுமார் 20 கிராம் புரதம், அதில் லைசின் 9 சதவீதம் அளவுக்கு. அதாவது 100 கிராம் சாளை ஒரு நாள் கணக்கை ஏறக்குறைய முடித்துவிடும். அரிசியில் மட்டும் அதை எடுக்க வேண்டும் என்றால் சுமார் 700 கிராம் அரிசி பொங்க வேண்டும். மரச்சீனியில் மட்டும் என்றால்? பச்சைக் கிழங்கு 100 கிராமில் லைசின் வெறும் 44 மில்லிகிராம். நான்கு கிலோ கிழங்கு வேண்டும்.

இந்தப் பகுதிக்கு மரச்சீனி சாதாரணக் கிழங்கு அல்ல. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் அதைப் பரப்பினார். இரண்டாம் உலகப் போரில் 1942-ல் பர்மா அரிசி நின்றபோது ஏழை வீடுகளின் வயிற்றை நிரப்பியது இதுதான். ஆனால் அதில் புரதம் ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். போதாக்குறைக்கு, சயனைடை வெளிவிடும் லினமாரின் என்ற பொருளும் அதில் இருக்கிறது. செடி அதைச் செய்வது வாலின் என்ற அமினோ அமிலத்திலிருந்து. கிழங்கை நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டுவது இதற்காகத்தான். மிச்சமிருக்கும் கொஞ்சத்தை உடம்பு கந்தகம் சேர்த்து தயோசயனேட்டாக மாற்றி சிறுநீரில் அனுப்பிவிடும். அந்தக் கந்தகம் வருவது சிஸ்டைன், மெத்தியோனின் ஆகியவற்றிலிருந்து. அவை கிழங்கில் மிகக் குறைவு, மீனில் நிறைய. கிழங்கும் மீன்கறியும் ருசிக்கு மட்டும் சேர்ந்த ஜோடி இல்லை. அந்தத் தட்டில் மீன் கெட்டால் கிழங்கின் குறையும் சேர்ந்து வெளியே தெரியும்.

63 மில்லிகிராம் அதிகமா?

அடுத்து நச்சுத்தன்மை. இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் ஃபார்மால்டிஹைடு நமக்கு முழுக்க அந்நியப் பொருள் இல்லை. செரின், கிளைசின் போன்ற அமினோ அமிலங்களை உடம்பு கையாளும் வழியிலேயே அது உருவாகிறது. ஆரோக்கியமான மனித ரத்தத்தில் லிட்டருக்கு இரண்டு மூன்று மில்லிகிராம் எப்போதும் இருக்கும், நொதிகள் அதை உடனுக்குடன் மாற்றிக்கொண்டே இருக்கும். கடல் மீன்கள் செத்த பிறகு அவற்றின் தசையிலும் சிறிதளவு தானாக உருவாகும். அதனால் 'பூஜ்யம் இல்லையென்றால் விஷம்' என்று சொல்வது சரியில்லை.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, வாய்வழியாக உட்கொள்ளும் ஃபார்மால்டிஹைடுக்கு வைத்த மேற்கோள் அளவு ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 0.2 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 12 மில்லிகிராம். செய்திகளில் ஃபார்மலின் என்று சொல்லப்பட்டாலும், இத்தகைய பரிசோதனைகள் பொதுவாக அளப்பது ஃபார்மால்டிஹைடைத்தான். அப்படி எடுத்துக்கொண்டால், அமரவிளை மீனில் 150 கிராம் சாப்பிடுகிறவருக்கு 9.45 மில்லிகிராம் போகிறது. ஒரே வேளையில் நாள் அளவில் ஏறக்குறைய 79 சதவீதம். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அளவு 3 மில்லிகிராம். ஐம்பது கிராம் மீனிலேயே அது 3.15 ஆகிவிடும். பெரியவர் எல்லைக்குள் நிற்கும் அதே குழம்பில் குழந்தை எல்லையைத் தாண்டுகிறது. கழுவுவதிலும் சமைப்பதிலும் ஒட்டாமல் இருக்கும் ஃபார்மால்டிஹைடில் ஒரு பகுதி தண்ணீரோடும் ஆவியோடும் போகும், ஆக நிஜத்தில் இதைவிடக் குறையலாம். புரதத்தோடு பாலமாகிவிட்டது அவ்வளவு சுலபமாகப் போகாது.

புற்றுநோய்? சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-ல் ஃபார்மால்டிஹைடை முதல் பிரிவில், அதாவது மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் வரிசையில் வைத்தது. அதற்கான ஆதாரம் முக்கியமாக அதைத் தொழிலிடத்தில் வருடக்கணக்கில் சுவாசித்தவர்களிடமிருந்து வந்தது. அப்படிப் பார்த்தால் அதிக ஆபத்தில் இருப்பவர் எப்போதோ ஒரு துண்டு சாப்பிட்டவர் அல்ல, தினமும் அந்த மீன் பெட்டிகளைத் திறந்து மூடும் சுமைதூக்குபவரும் கூடை சுமக்கும் மீன்காரப் பெண்ணும்தான். 2018 செய்திகளில் அவர்களைப் பற்றி அதிகம் பேச்சில்லை.

இந்திய உணவுச் சட்டத்தைப் பொறுத்தவரை விவாதத்துக்கே இடமில்லை. ஃபார்மலின் எந்த அளவிலும் அனுமதிக்கப்பட்ட பதப்படுத்தி அல்ல.

ஃபார்மலினும் இல்லை, ஐஸும் இல்லை என்றால்?

அப்போது ஹிஸ்டிடின் வேலையைக் காட்டும். சாளை, அயிலை, சூரை மூன்றின் தசையிலும் ஹிஸ்டிடின், புரதத்தில் மாட்டாமல் தனியாகவே நிறைய இருக்கும். மீன் சூடேறினால் சில பாக்டீரியாக்கள் அதன் அமிலத் தொகுதியைக் கார்பன் டை ஆக்சைடாகக் கழற்றி எடுத்துவிடும். அமிலப் பக்கம் போய்விட்டால் மிஞ்சுவது அமினோ பக்கம் மட்டும். அதன் பெயர் ஹிஸ்டமின். நமக்கு ஒவ்வாமை வரும்போது உடம்பே சுரக்கும் அதே பொருள். சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவக்கும், அரிக்கும், தலை வலிக்கும். "எனக்கு சூரை ஒத்துக்காது" என்று சொல்கிறவர்களில் சிலருக்கு நிஜத்தில் மீன் ஒவ்வாமையே இருக்காது, அன்றைக்கு வாங்கிய மீன் ஐஸ் இல்லாமல் கிடந்திருக்கும். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு, இந்த வகை மீன்களில் 100 கிராமுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் ஹிஸ்டமின் கூடாது என்கிறது. இதில் மோசமான செய்தி, ஹிஸ்டமின் சமையல் சூட்டுக்கு அசையாது. எவ்வளவு கொதித்தாலும் அப்படியே இருக்கும். லைசினுக்கு இதேபோல் நடந்தால் வருவது கடாவரின், அதன் நாற்றத்தை விளக்க வேண்டியதில்லை. ஹிஸ்டமினுக்கோ நாற்றமே கிடையாது, மூக்கை நம்பி வாங்க முடியாது.

வாங்குகிறவர் எதைப் பார்ப்பது?

ஈ மொய்க்கிறதா, செவுள் சிவப்பா, விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா என்பதெல்லாம் பழைய மீனைக் கண்டுபிடிக்க ஓரளவு உதவும். குறைந்த அளவு ஃபார்மலினைக் கண்டுபிடிக்க இவற்றை நம்ப முடியாது. இறுக்கமாக இருந்தால் நல்ல மீன் என்ற பழைய பாடத்தைத்தான் ஃபார்மலின் ஏமாற்றுகிறது.

கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் 2018 தொடக்கத்தில், ஃபார்மலினுக்கு ஒன்று, அம்மோனியாவுக்கு ஒன்று என இரண்டு பரிசோதனைக் கிட்களை வெளியிட்டது. காகிதப் பட்டையை மீனின் மேல் தேய்த்து, அதில் ஒரு சொட்டு ரசாயனம் விட்டு, நிறம் மாறுகிறதா என்று அட்டையோடு ஒப்பிட வேண்டும். சில நிமிட வேலை. சோதனைச்சாவடியில் லாரியை நிறுத்தி அங்கேயே முதல்கட்ட முடிவு பார்க்க இப்படி ஒரு முறை தேவைப்பட்டது, ஏனென்றால் மாதிரியை நகரத்து ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் அதற்குள் அந்த மீன் நாலு சந்தைகளில் விற்றுத் தீர்ந்திருக்கும்.

மீனுக்கும் ஐஸுக்கும் ஒன்றுக்கு ஒன்று எடை என்பது மீன்வளத் துறையினர் சொல்லும் பொதுவான கணக்கு. ஒரு டன் மீன் ஏற்றும் லாரி ஒரு டன் ஐஸையும் சுமக்க வேண்டும், வழியில் உருகியதை மறுபடி நிரப்ப வேண்டும். ஐஸ் எந்த லைசினையும் தொடுவதில்லை. ஹிஸ்டிடினைத் தின்னும் பாக்டீரியாவை 4 டிகிரிக்குக் கீழே தூங்க வைக்கிறது, தசையில் உள்ள நொதிகளை மெதுவாக்குகிறது. வீட்டில் மீனை வெளியே எடுத்ததும் எல்லாம் பழையபடி ஓடத் தொடங்கும் என்பதால், சந்தையிலிருந்து வீட்டுக்கு வரும் அரை மணி நேரத்துக்கும், சட்டியில் ஏறும்வரை காத்திருக்கும் நேரத்துக்கும் அதே விதிதான்.